துணைக்குப் போகிறவர்களின் சங்கம்

எண்பதுகளில் நான் பார்த்த வேலை என்னவென்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரே வார்த்தையில் சொல்ல வராது. ஆஸ்பத்திரி வேலை என்று சொல்ல முடியாது, நான் நர்ஸ் இல்லை. ஆபீஸ் வேலை என்றும் சொல்ல முடியாது, நாற்காலியில் உட்கார்ந்த நேரம் குறைவு. திண்டிவனத்தில் ஒரு சங்கம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கோ, தாலுகா ஆபீசுக்கோ, கோர்ட்டுக்கோ தனியாகப் போகத் தெரியாதவர்களும் போகப் பயந்தவர்களும் அங்கே வந்து சொன்னால், எங்களில் ஒருத்தி கூடப் போவாள். அவ்வளவுதான் வேலை. மருந்து கொடுக்க மாட்டோம், சிபாரிசு பண்ண மாட்டோம். கூடப் போவோம், வரிசையில் கூட நிற்போம், டாக்டர் சொன்னதை வெளியில் வந்து இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லுவோம். பிறகு அவர்களை அவர்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. என் கணவருக்கு ரயில்வேயில் வேலை, விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார், "திண்டிவனத்துச் சங்கத்துக்கு இங்கிலீஷ் போர்டு படிக்கத் தெரிந்த ஒரு அம்மா வேண்டுமாம்" என்று அறிவித்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங்கும் படித்துவிட்டு அடுப்படியில் இருந்தவள் நான். வீட்டுக்கு வரும் வழியிலேயே கணவரிடம் கேட்டேன்.

"கூடப் போறதுக்குக்கூடவா ஒரு சங்கம் வெச்சிருக்காங்க?" என்று சிரித்தார். பிறகு, "போய்த்தான் பாரேன்" என்றார்.

மறுநாள் காலை பாசஞ்சரில் போனேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளுக்கும் டிபன் கேரியர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டே போன அந்தப் பயணம்தான் அடுத்த பல வருஷங்களுக்கு என் காலை நேரம்.

சங்கம் என்பது அங்கிருந்த மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் மாதா சப்பரத்தின் மூங்கில்களும் பந்தல் சாமான்களும் கிடந்தன. இன்னொன்றில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பாய்கள். வாசலில் விடிந்ததிலிருந்தே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு ஒயர் கூடையோடு, நெற்றியில் விபூதியோடு, உயரமாக ஒல்லியாக ஒரு அம்மா அவர்களிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பேர்கூடக் கேட்கவில்லை.

"செருப்பு நல்ல செருப்பா? அறுந்துடாதே? அப்போ இந்தத் தாத்தாகூட எக்ஸ்ரேக்குப் போயிட்டு வா" என்றார்.

அவர்தான் சங்கத்தை ஆரம்பித்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. வயசானவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சங்கம் எப்படி ஆரம்பித்தது என்பதை அவர் ஒரு பஸ் பயணத்தில் எனக்குச் சொன்னார். பனமலைப் பக்கம் பயிர்க்குடும்பத்தில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகிச் சில வருஷத்தில் கணவருக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணவரைப் படுக்கையில் விட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு என்று கொடுத்த கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு இவர் போயிருக்கிறார். எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. கேட்டவர்கள் கையைக் காட்டிய பக்கமெல்லாம் போயிருக்கிறார். கடைசியில் கணவர் இருந்த வார்டுக்குத் திரும்பவும் வழி தெரியாமல், ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"அப்போ ஒரு துலுக்க வூட்டு அம்மா வந்தாங்க. யாரு, எவருன்னு தெரியாது. 'இன்னா பேஜாரு உனக்கு, ஏந்திரி, ஜல்தி வா'ன்னு கையப் புடிச்சிக்கினாங்க. சாயந்தரம் வரைக்கும் உடல. எங்கெங்க போவணுமோ அங்கெல்லாம் வந்தாங்க. அவங்க வூட்டாளு யாரோ அங்க படுத்துக்கினு இருந்திருக்காங்க, அதையும் பாத்துக்கினு என்னையும் பாத்தாங்க. கடேசியா எங்க வூட்டுக்காரரு கட்டில்கிட்ட கொண்ணாந்து உட்டுட்டுப் போயிட்டாங்க. பேரு கேட்டேன். சிரிச்சிக்கினே போயிட்டாங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"பொழச்சிக்கினாரு. அப்புறம் பத்து வருசத்துக்கும் மேல நல்லா இருந்தாரே. அந்த சந்தோசத்துலதான் இத ஆரம்பிச்சேன்."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய துக்கம் ஏதோ இருந்து அதிலிருந்துதான் சங்கம் பிறந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு நாள் யாரோ கூட வந்தார்கள், கணவர் பிழைத்தார், அதற்காக இவரும் கூடப் போக ஆரம்பித்தார்.

முதலில் சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும் போயிருக்கிறார். பிறகு பக்கத்து ஊர்கள். கணவர் காலமான பின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திண்டிவனத்தில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தம்பிக்கு மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை எடை போடும் வேலை. திண்டிவனத்தில் எல்லாப் பக்கத்து பஸ்ஸும் நிற்கும் என்பதால் ஆட்கள் தேடி வருவது அதிகமானது. பஸ் ஸ்டாண்டில் நின்றே பேசி அழைத்துப்போய்க்கொண்டிருந்தவருக்கு, ஒரு மழைக்காலத்தில் கோயில் சாமியார் பின்னறையைத் திறந்துவிட்டார். இந்து அம்மாவுக்குக் கோயில் அறையா என்று கேட்டவர்களிடம் சாமியார், "சப்பர மூங்கில் ஒண்ணும் கோபிச்சிக்காது" என்று சொன்னாராம். அறையோடு வந்த மாதா படத்துக்கு அக்கா தினமும் பூ வைப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெண்கள் சேர்ந்தார்கள், சங்கம் பதிவானது. ஆரம்பத்தில் போகிற இடத்திலெல்லாம் புரோக்கர் என்று நினைத்தார்கள். நாங்கள் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிப்பதில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

நான் சேர்ந்த முதல் வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார் வந்திருந்தார். வயதான சமணப் பெரியவர். கண்ணில் புரை. பாண்டிச்சேரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது கிளியனூர் தாண்டி பஸ் டயர் பஞ்சர். ரோட்டோரம் எல்லோரும் இறங்கி நின்றோம். சாயங்கால வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பெரியவர் மேற்கே பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிட மாட்டார். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் நின்றதில் மத்தியானமும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மறுநாள் சூரியன் வரும்வரை பட்டினி.

நான் ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வந்த வழியே கிளியனூரை நோக்கி. ஒரு பெட்டிக்கடையில் பூவன் பழம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தபோது சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது. அவர் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்து அவசரப்படாமல் இரண்டு பழம் உரித்துச் சாப்பிட்டார். கடைசி வாய் உள்ளே போனதும் வெளிச்சம் போனது. எனக்கு மூச்சு வாங்கியது. கண்டக்டர் கைதட்டினார்.

"உனக்கு?" என்று ஒரு பழத்தை நீட்டினார் பெரியவர்.

"நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன் ஐயா."

"நான் சூரியனுக்கு பயந்துக்கினு சாப்புடறேன். நீ யாருக்கு பயந்துக்கினு பட்டினி கெடக்குற?" என்று கேட்டார். அக்கா வழியில் சாப்பிடுவதில்லை, அதனால் சங்கத்தில் யாரும் சாப்பிடுவதில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. பிரசவத்துக்குப் போனவர்கள், பட்டா மாற்றத் தாசில்தாரைப் பார்க்கப் போனவர்கள், விடுதலையாகி வரும் மகனை அழைத்துவரக் கடலூருக்குப் போன ஒரு அம்மா என்று எத்தனையோ பேர். அந்த அம்மா போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும் வழியில் மகனின் தோளில் தலை வைத்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். நானும் அந்தப் பையனும் சத்தம் போடாமல் சிரித்தோம்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு மாசி மாதம், அக்கா சாப்பிடுவதில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தது எங்களில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அவரை ஆயாம்மா என்போம். மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சங்கத்தில் சமைத்துச் சாப்பிடுவோம். அன்று கேப்பைக் களியும் கீரைக் குழம்பும். அக்கா ஒரு சிறு உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். அதற்கு மேல் மோர் மட்டும்தான்.

"இன்னைக்கு மட்டும் இல்ல. பொங்கலுக்கு முன்னாடியே வடைய ஊற வெச்சி ஊற வெச்சி தின்னுக்கினு இருந்தா. நான் பாத்தேன்" என்றார் ஆயாம்மா என் காதில்.

அதன் பிறகு பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்கியது. படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். நான் நேராகவே கேட்டேன்.

"தொண்டையில ஏதாச்சும் பண்ணுதா அக்கா?"

"சூடு."

"டாக்டர்கிட்ட காட்டணும். நான் கூட வர்றேன்."

"எனக்கு வழி தெரியாதா? நானே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் முகம் சுளித்தது அன்றுதான்.

பங்குனியில் ஒரு நாள் அவர் சங்கத்துக்கு வரவில்லை. தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி பாண்டிக்குப் போயிருக்காங்க. தொண்டைய காட்டணும்னு. இது மூணாவது வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் போயிட்டு வந்து, டாக்டரு பாக்கலன்றாங்க. ஏன் பாக்கலன்னு கேட்டா சொல்ல மாட்றாங்க. நீங்க போய் இன்னான்னு பாருங்களேன்" என்றார். பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "போன வாரம் கஞ்சி குடிக்கறப்போ பொறை ஏறி கண்ணு சொருவிடுச்சிங்க."

அடுத்த பாண்டி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டையில் அடைக்கிறது, உடம்பு இளைக்கிறது என்று வந்தவர்களோடு நான் பலமுறை போயிருக்கிறேன். அவர்களில் திரும்ப வராதவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் தொண்டை பார்க்கும் இடத்தில் அவர் இல்லை. சீட்டு கொடுக்கும் வரிசையில் இல்லை. மரத்தடி, குழாயடி எல்லாம் பார்த்தேன். கடைசியில் குழந்தைகள் பிரிவு வராந்தாவில் அவருடைய ஒயர் கூடை தெரிந்தது. அக்கா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அக்கா, "வந்தியா, நல்லதாப் போச்சி. இந்தப் பொண்ணுகூட வூட்டாளுங்க யாரும் வர்ல. மருந்து எங்க வாங்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு நின்னுச்சி" என்றார்.

"உங்களுக்குச் சீட்டு போட்டாச்சா?"

அவர் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார்.

"போன தடவை?"

"போன தடவை ஒரு பெரியவரு, கண்ணு தெரியல. எக்ஸ்ரே ரூமு எங்கன்னு கேட்டாரு."

"அதுக்கு முந்தி?"

அதற்கு முந்தி ஒரு செஞ்சிக்காரக் குடும்பம். மூன்று முறையும் அவர் தனக்காகத்தான் வந்திருக்கிறார். மூன்று முறையும் சீட்டு வரிசைக்குப் போகும் முன்பு திகைத்து நிற்கிற யாரோ கண்ணில் பட்டிருக்கிறார்கள். அவர்களோடு போய்விட்டிருக்கிறார். அப்படி யாரும் தென்படாமல் போயிருந்தால், இவரே தேடிப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த வராந்தாவிலேயே, "உங்களுக்குப் பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

அக்கா குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினார். குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

"பயமாத்தான் கீது" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டு வருவதற்குள் அன்றைக்குச் சீட்டு கொடுப்பது முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே வருவது என்று பேசிக்கொண்டோம். நான் விழுப்புரத்திலிருந்து பாண்டி பாசஞ்சரில் வந்து வாசலில் நின்றேன். திண்டிவனத்து பஸ் ஒன்று வந்தது, அவர் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டினேன். மூன்றாவது பஸ்ஸிலிருந்து முதலில் தம்பி மனைவி இறங்கினார். அவருடைய ஒரு கை பஸ்ஸுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினார். எனக்குப் போன உயிர் பாதி வந்தது.

பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். வயது குறைவு, பேச்சு நிதானம். நாக்கைப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், விரல் நகங்களை வெகுநேரம் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "மேல ஒரு எடத்துல பாதை குறுகலா இருக்கு. அது என்னன்னு குழாய் விட்டுப் பாத்தாத்தான் தெரியும். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"கெட்டதா டாக்டர்?" என்று நான் தனியாகக் கேட்டேன்.

"பாக்காம எதுவும் சொல்ல மாட்டேம்மா. பாத்துட்டுக் கட்டாயம் சொல்றேன்."

அந்த ஒரு வாரம் போல் ஒரு வாரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. வீட்டில் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், அடுத்த நாள் இரண்டு முறை போட்டேன். கணவர் இரண்டையும் சாப்பிட்டார். இரண்டாம் நாள் அக்கா எங்கள் எல்லோரையும் சங்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா இத மூடிடுங்க. நீ பெரியவ நான் பெரியவன்னு சண்ட போட்டுக்கினு, பேரக் கெடுத்துக்கினு திரிய வேணாம். நல்லபடியா நடந்துச்சி, நல்லபடியா மூடியாச்சின்னு இருக்கட்டும்."

நான் தலை குனிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், அவர் இல்லாமல் இது நடக்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஆயாம்மா மட்டும் வெற்றிலையை வாயின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பேசினார்.

"நீ தொறந்து வெச்சிருக்கியேன்னு நாங்க வர்ல. வாசல்ல ஆளுங்க குந்திக்கினு கீறாங்களேன்னு வர்றோம். மூடணும்னா வெளிய போய் அவங்கள கேட்டுட்டு மூடு."

வாசலில் அப்போதும் ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒரு கிழவி உள்ளே எட்டிப் பார்த்து, "நேரமாவுது, யாராச்சும் வர்றீங்களா இல்லியா?" என்று கேட்டாள். ஆயாம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போய்விட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது. அந்த வாரம் முழுக்க எல்லோரும் வழக்கம்போல் போய்வந்தார்கள். அக்கா சங்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் யார் யாரோடு போவது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது தானாகவே நடந்தது. அவர் முகத்தில் வருத்தமா வியப்பா என்று எனக்குப் புரியவில்லை.

குழாய் விடும் நாள் வந்தது. தம்பி மனைவியும் நானும் போனோம். உள்ளே அழைத்துப் போகும்போது அக்கா என் கையை விடவே இல்லை. கதவு வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த பெஞ்சில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் "கவலப்படாதீங்க, டாக்டர் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே. அன்று எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. தம்பி மனைவிதான் முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். யார் யாருக்குத் துணை என்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. கட்டி இல்ல, புண்ணு இல்ல. ரத்தம் ரொம்பக் கொறஞ்சி போனா தொண்டைக்குக் கீழ மெல்லிசா ஒரு சவ்வு வளரும். அதுதான் அடைச்சிருக்கு. குழாய் போனதுலயே அது விரிஞ்சிடுச்சி. இனிமே சாப்பாடு எறங்கும். இரும்புச் சத்து மாத்திரை தரேன், விடாம சாப்பிடணும்."

"கட்டி இல்லையா?" என்றேன்.

"இல்ல."

"நிச்சயமா இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா."

மூன்றாவது முறையும் கேட்டேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களை நானே எத்தனை முறை சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறேன்! டாக்டர் சிரித்துக்கொண்டு மூன்றாவது முறையும் சொன்னார். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அக்காவைப் பார்க்க உள்ளே விட்டார்கள். குரல் கம்மியிருந்தது.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம் அக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா அம்மாம் பெரிய கொழாய உட்டாங்க?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

டாக்டர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரத்தம் இவ்வளவு கொறையிற அளவுக்கு என்ன பண்ணீங்க? மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"மத்தியானம் ஆஸ்பத்திரியில கூட்டிக்கினு வந்தவங்களோட நின்னுக்கினு இருப்பேன். டீ குடிப்பேன்."

"அவங்க சாப்பிட மாட்டாங்களா?"

"அவங்கள சாப்புட வெப்பேன். அதுக்கு முன்னாடி வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு அவங்க பட்டினியா நிப்பாங்க. அவங்க எதிர்ல நான் எப்படி துன்றது? அப்படியே பழகிப்போச்சி."

"எத்தன வருஷமா?"

அக்கா என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். என் கண்ணின் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தார்.

"இவங்களுக்கும் மாத்திரை எழுதறேன்" என்றார்.

மறுநாள் காலை தம்பி வீட்டில் தம்பி மனைவி இட்லி அவித்தார். அக்கா முதல் துண்டை வாயில் வைத்து, பழக்கத்தால் கண்ணை மூடிக்கொண்டு, விழுங்கினார். கண்ணைத் திறந்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "எறங்கிடுச்சி" என்றார், யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்வதுபோல. அதன் பிறகு பேசவே இல்லை. தட்டு காலியாகிற வரை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வேலைக்குக் கிளம்பிய தம்பி, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெல்லை அடித்துவிட்டுப் போனார்.

சங்கத்தின் வரலாறு என்று எழுதினால் அந்த மாதத்தை நடுவில் கோடு போட்டுத்தான் எழுத வேண்டும். அதுவரை இருந்த எழுதாத வழக்கம் மாறியது. துணைக்குப் போகிறவள் புறப்படும் முன் சங்கத்திலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கையில் இரண்டு பேருக்குக் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும் என்று ஆயாம்மா சட்டம் போட்டார். சப்பர அறையின் ஒரு மூலையில் அடுப்பு வந்தது. காலையில் கேப்பைக் கூழோ புளிச்சோறோ ஏதாவது கொதிக்கும். வாசலில் காத்திருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எங்களோடு வந்தவர்கள் அந்தக் கட்டுச்சோற்றை எங்களோடு பிரித்துச் சாப்பிட்டபோது பேச்சும் கூடிப்போனது. பயத்தில் வாயடைத்து வந்தவர்கள் இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் தங்கள் ஊர்க் கதை, மாட்டுக் கதை எல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் மாத்திரை சாப்பிட்டேன். பாசஞ்சரில் நின்றுகொண்டு வரும்போது கண் இருட்டுவது நின்றது.

தலைவர் பொறுப்பை இனி ஒருத்தரிடமே வைப்பதில்லை, வருஷத்துக்கு ஒருவர் மாறி மாறிப் பார்ப்பது என்று முடிவானது. அக்கா பயந்த சண்டை வராமல் இல்லை, வந்தது. நான் தலைவராக இருந்த வருஷத்தில்கூட இரண்டு பேர் என்னோடு பேசாமல் இருந்தார்கள். ஆனால் வாசலில் ஆள் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருத்தி செருப்பை மாட்டிவிடுவாள். பிற்பாடு விழுப்புரத்திலும் ஒரு அறை எடுத்தோம். அக்கா அதற்குப் பிறகும் வெகுகாலம் நன்றாக இருந்தார்.

தலைவர் பொறுப்பை மாற்றும் அந்த முடிவை எடுத்த கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. அக்கா மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. எங்களோடு பாயில், சுவரோரமாக உட்கார்ந்தார். அடுத்த வாரம் யார் யாரோடு போவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண், கோர்ட்டில் வாய்தா உள்ள ஒரு பெரியவர், காது கேட்காத ஒரு குழந்தை. பிரசவத்துக்கு யார் என்பதில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆயாம்மா உதட்டில் விரலை வைத்துச் சுவர்ப் பக்கம் காட்டினார்.

அக்கா தலையைச் சுவரில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி எழுந்து ஜன்னல் கதவைப் பாதி சாத்தினாள். நாங்கள் தலைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, மெதுவான குரலில், காது கேட்காத குழந்தையோடு யார் போவது என்று பேச ஆரம்பித்தோம்.